ஜீனும் நாட்காட்டியும்

உயிரியல் ஆராய்ச்சி என்றவுடன் நம் மனக்கண்முன் பூதக்கண்ணாடியும் சோதனைக் குழாயும் தோன்றுகின்றன. இன்றோ ஆராய்ச்சியாளர் நெடும்பொழுதைக் கணிப்பொறியின் முன்னே கழிக்கின்றார். ஓர் அட்டவணையைத் திறப்பார். ஜீன்களின் பெயர்களை எடுப்பார். மற்றோர் அட்டவணையில் இடுவார். நூறு கோப்புகள் இருப்பின் இதனையே நூறு முறை செய்வார்.

இதில் நேர்ந்த விபரீதம் ஒன்றைச் சொல்கின்றேன். மனித ஜீன்களுள் ஒன்றுக்கு 'மார்ச்1' என்றும், வேறொன்றுக்குச் 'செப்ட்2' என்றும் சுருக்கப் பெயர்கள் இருந்தன. எக்செல் என்னும் அட்டவணை மென்பொருள், இவற்றை மார்ச்சு முதல் நாள், செப்டம்பர் இரண்டாம் நாள் என்று கொண்டுவிட்டது! தேதியை அஃது உள்ளே ஓர் எண்ணாகவே வைத்துக்கொள்ளும். ஆதலின், 'இது தேதியன்று, எழுத்து' என்று பின்னர் மாற்றினாலும், பழைய பெயர் மீளாது; ஐந்திலக்க எண் ஒன்றே எஞ்சும். அந்தப் பட்டியலை நம்பி ஆராய்பவருக்கு அந்த ஜீன் இல்லாமலே போகிறது.

2004ஆம் ஆண்டிலேயே இதுபற்றி எச்சரிக்கைக் கட்டுரை வெளிவந்தது. எனினும் பிழை நிற்கவில்லை. 2016இல் மார்க் சீமன் முதலிய மூவர், ஆய்விதழ்க் கட்டுரைகளுடன் இணைக்கப்பட்ட 35,175 அட்டவணைக் கோப்புகளைச் சோதித்து வெளியிட்டனர். கோப்பொன்றுக்கு இரண்டு நிமிடம் என்றாலும், நாள்தோறும் எட்டு மணி நேரம் உழைப்பவருக்கு ஏறக்குறைய ஐந்து மாதம் ஆகும். அவர்கள் அதற்கென நிரல் எழுதினர். நிரல் என்பது கட்டளைகளின் வரிசையே: 'கோப்பைத் திற, ஜீன் பட்டியல் உளதா என்று பார், அதில் தேதி உளதா என்று தேடு, இருப்பின் குறித்து வை, அடுத்த கோப்புக்குச் செல்.' அந்த இறுதிக் கட்டளையில்தான் சூட்சுமம் இருக்கிறது. கணிப்பொறிக்குச் சலிப்பில்லை. நிரலிலேயே பிழை இருந்தால் அதனையும் சலிப்பின்றிச் செய்யும் என்பது வேறு! அதனாற்போலும், நிரல் குறித்தவற்றை அவர்கள் கண்ணாலும் பார்த்து உறுதி செய்தனர். அந்தப் பொறுமையை நான் பெரிதும் மதிக்கின்றேன். ஜீன் பட்டியல் கொண்ட 3,597 கட்டுரைகளுள் 704இல் பிழை இருந்தது; அதாவது ஐந்தில் ஒரு பங்கு.

கையால் செய்த வேலை சுவடின்றி மறையும். நிரலோ, என்ன செய்தோம் என்பதற்குச் சாட்சியாக நிற்கும். பிறரும் அதனை இயக்கிப் பார்க்கலாம். 'பெயர்ப் பத்தி முழுவதையும் எழுத்தாகவே படி' என்று அதில் ஒரு வரி சேர்த்துவிட்டால், மார்ச்1 என்றும் மார்ச்1 ஆகவே இருக்கும்.

இறுதியில் வளைந்து கொடுத்தது ஜீன்தான். 2020இல், மனித ஜீன்களுக்குப் பெயரிடும் குழுவினர் மார்ச்1ஐ 'மார்ச்எஃப்1' என்றும், செப்ட்2ஐச் 'செப்டின்2' என்றும் மாற்றியிருப்பதாக அறிவித்தனர். தானாகத் தேதியாக்குவதை நிறுத்திவைக்கும் வசதி, 2023இல்தான் எக்செலில் பரவலாக வந்தது.