சேர்வராயன் மலையில் முதலில் குடியேறியவர் யார்?

ஏற்காட்டுக்கு நீங்கள் போயிருக்கக்கூடும். அந்தச் சேர்வராயன் மலையில், மரத்தடிப் பிள்ளையார் கோயில்களில் வழவழப்பான கருநிறக் கற்களை வைத்து மக்கள் கும்பிட்டு வந்தனர். ஒரு முனை அகன்று கூராகவும் மறுமுனை குறுகியும் இருக்கும். உண்மையில் அவை கோடரிகள். காம்பு மக்கிப்போய்க் கல் மட்டும் எஞ்சியிருக்கிறது.

இவற்றை ஆராய்ந்தவர்களுள் ஒருவர் இராபர்ட் புரூஸ் ஃபுட். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த அதே நிலவியல் அறிஞர்தான். ஓய்வுபெற்ற பின் ஏற்காட்டிலேயே குடியிருந்தார். அவர் திரட்டிய கருவிகள் 1904-இல் சென்னை அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன.

கோடரி செய்தவர்கள் இங்கே குடியிருந்தார்களா, கடந்து போனார்களா? இதுதான் கேள்வி.

கடந்து போனவர்கள் உண்டு. ஆப்பிரிக்காவிலிருந்து கிளம்பிய மனிதரில் ஒரு சாரார் தென்னாசியா வழியாக ஆஸ்திரேலியாவை அடைந்தனர் என்பது அறிஞர் பலரின் கருத்து. 50,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கு மனிதர் இருந்தனர். கடல்மட்டம் தாழ்ந்திருந்த அக்காலத்திலும் இடையில் நீர்ப்பரப்பு இருந்தது. ஆகவே ஏதோ ஒரு மிதவையில்தான் சென்றிருக்க வேண்டும். ஆஸ்திரேலியப் பழங்குடிகளிடம் உள்ள எம்130 என்னும் மரபணு அடையாளத்தை மதுரைப் பகுதி ஆண்கள் சிலரிடமும் மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிச்சப்பன் குழுவினர் கண்டனர்.

நம் கோடரிக்கு வருவோம். கல்லைச் செதுக்கி, கொத்திச் சமப்படுத்தி, நீரும் மணலும் இட்டுத் தேய்த்தால்தான் இந்த மெருகு வரும். பொறுமை வேண்டிய வேலை! தேய்த்த முனை மரத்தில் பட்டால் எளிதில் சிதறாது. மழுங்கினாலும் மறுபடி தீட்டலாம். காடு திருத்தி வயல் செய்தவர்களின் கருவி இது என்று சொல்லத் தோன்றுகிறதல்லவா?

அவசரப்படக் கூடாது. முனை தேய்த்த கோடரிகளை ஆஸ்திரேலிய வேட்டைக்காரர்கள் 40,000 ஆண்டுகளுக்கு முன்பே செய்திருக்கிறார்கள். அவர்கள் உழவர்கள் அல்லர். ஆக, கோடரி ஒன்றே உழவுக்குச் சாட்சி ஆகாது.

சாட்சி வேறிடத்தில் கிடைத்தது. வடக்கே திருப்பத்தூர்ப் பக்கம் பையம்பள்ளியில் 1960-களில் இந்தியத் தொல்லியல் துறையினர் அகழ்ந்தபோது, இதே வகைக் கோடரிகளோடு குடியிருப்புகளும் கருகிய கொள்ளும் பச்சைப்பயறும் வெளிப்பட்டன. கொள்ளு விதைத்தவன் அறுவடைவரை அங்கேதானே இருக்க வேண்டும்? சேர்வராயன் மலைக் கோடரிக்காரர்களும் அந்தப் புதிய கற்கால உழவர்களின் கூட்டத்தாரே எனக் கொள்வது பொருத்தம்.

இன்று மலையில் வாழும் மலையாளி மக்கள், தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்கிறார்கள். மூத்தவர் சேர்வராயனிலும், மற்ற இரு தம்பியர் பச்சைமலையிலும் நாமக்கல் பக்கம் கொல்லிமலையிலும் தங்கினராம். அவர்கள் வருவதற்கு வெகுகாலம் முன்பே கோடரிகள் மண்ணில் கிடந்தன. மேட்டூரை அடுத்த மாங்காட்டில் கிடைத்த இரும்பு கி.மு. 1604-க்கும் 1416-க்கும் இடைப்பட்டது. இரும்பு பரவப் பரவக் கல்லின் பயன் மறந்தது. பின்னால் வந்தவர் கண்ணுக்கு அது சாமியாயிற்று. இதைக் கேட்டு நகைக்க வேண்டாம். ஐரோப்பியக் குடியானவர்கள் இத்தகைய கல்லை இடியோடு விழுந்தது என்று நம்பி வீட்டில் வைத்திருந்தார்கள்.

கும்பிட்டதால் கற்கள் பிழைத்தன. ஆனால் எடுத்த இடம் தெரியாமல் போயிற்று. உங்கள் ஊரில் ஏர்முனையில் இப்படி ஒரு கல் அகப்பட்டால், எந்தக் காடு, எத்தனை அடி ஆழம், கூடவே பானை ஓடோ கரியோ இருந்ததா என்று முதலில் எழுதி வையுங்கள். கல்லைக் கழுவுவது பிறகு ஆகட்டும்.