மீரீன்: விடுதலைக்கு மறுநாள்

சென்ற வாரம் டோல்கீனின் ஷயரைப் பார்த்தோம். போருக்குப் போய்த் திரும்பும் ஹாபிட்டுகள், ஊரில் விளைந்ததையெல்லாம் பங்கீடு என்ற பெயரில் அடியாட்கள் அள்ளிச் செல்வதையும், நிழல் தந்த மரங்கள் வெட்டிச் சாய்க்கப்பட்டதையும் காண்கிறார்கள். ஊர் கூடி எழுந்ததும் அந்தக் கொடிய ஆட்சி விழுகிறது. அடுத்த ஆண்டே மண் பொன்னாய் விளைகிறது. இந்த வாரம் நாம் போகும் நகரத்துக்கு அப்படி ஒரு விளைச்சல் வாய்க்கவில்லை. ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் நாவல் வரிசையில், அடிமை வணிகர் விரிகுடாவின் கரையில் நிற்கும் மீரீன் அது. 2000-ல் வந்த மூன்றாம் நாவலின் இறுதியில் டெனேரிஸ் டார்கேரியன் என்ற இளம்பெண் அதைக் கைப்பற்றுகிறாள். 2011-ல் வந்த ஐந்தாம் நாவல் முழுக்க அதை ஆள முடியாமல் திணறுகிறாள். ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொலைக்காட்சித் தொடரில் மட்டும் அவளைப் பார்த்தவர்களுக்கு டிராகன்கள்தான் நினைவில் இருக்கும். நாவலில் அந்தப் பகுதி பெரும்பாலும் தானியம், வரி, வழக்கு, கூலி ஆகியவற்றைப் பற்றியது. மாயக்கதை இலக்கியத்தில் அரசாட்சியைப் பற்றி இவ்வளவு பொறுமையாக எழுதப்பட்ட பகுதிகள் மிகக் குறைவு.

பொறுமை அங்கே தற்செயலாக வரவில்லை. 2014-ல் ரோலிங் ஸ்டோன் இதழுக்கு அளித்த பேட்டியில், டோல்கீன்மீது தமக்குள்ள பெருமதிப்பைச் சொல்லிவிட்டு, ஒரு குறையையும் மார்ட்டின் சொன்னார். ஆரகோர்ன் அரியணை ஏறி நெடுங்காலம் நல்லாட்சி புரிந்தான் என்று கதை முடிகிறது. அவனுடைய வரிக்கொள்கை என்ன, பஞ்சமும் வெள்ளமும் வந்தபோது என்ன செய்தான், தோற்ற ஆர்க்குகளின் கதி என்ன என்று அவர் கேட்டார். டோல்கீன் எழுத வந்தது வேறு வகைக் காவியம் என்பதால் அந்தக் கேள்வியை அவர்மீது சுமத்துவது முழுக்க நியாயமில்லை. ஆனால் கேட்டவர் தம் கதையில் அதற்குப் பதில் தேடினாரா என்று பார்க்க நமக்கு உரிமை உண்டு. தேடியிருக்கிறார் என்பதற்கு மீரீனே சான்று. அந்தச் சான்றுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், டெனேரிஸின் ஆட்சி ஏன் தள்ளாடியது என்பதற்கு வாசகர்கள் வழக்கமாகச் சொல்லும் காரணங்கள் போதவில்லை. அவள் இளகிய மனத்தவள், அந்நிய நாட்டவள், அனுபவம் இல்லாதவள் என்கிறார்கள். எல்லாம் உண்மையே. ஆனாலும் வேர் இன்னும் ஆழத்தில் இருக்கிறது. அவள் அடிமைகளின் விலங்கை அறுத்தாள். அவர்கள் எதைக் கொண்டு பிழைப்பார்கள் என்பதை மாற்றவில்லை. நகரத்தின் செல்வம் பழைய ஆண்டைகளின் கையிலேயே இருந்தது.

மீரீனுக்கு முன் நடந்தவற்றிலிருந்து தொடங்க வேண்டும். அதே விரிகுடாவின் இன்னொரு நகரமான அஸ்டபோரில் அவள் ஆண்டைகளை அழித்து, முன்னாள் அடிமைகள் மூவரிடம், அதாவது ஒரு மருத்துவர், ஒரு கல்வியாளர், ஒரு பூசாரியிடம், ஆட்சியை ஒப்படைத்துவிட்டுப் படையுடன் கிளம்பிவிட்டாள். சில காலத்தில் கிளியான் என்ற கசாப்புக்காரன் அந்த மூவரையும் வீழ்த்தி அரசனாகி, உயர்குடிச் சிறுவர்களைப் பிடித்துப் புதிய அடிமைப் படையாக்கத் தொடங்கினான். யுங்காயில் அடிமைகளை விடுவித்துவிட்டு நகரத்தை அப்படியே விட்டுப் போனாள். ஆண்டைகள் பழைய தொழிலுக்கே திரும்பினார்கள். இந்தச் செய்திகள் வந்த பிறகுதான் மீரீனை விட்டுப் போகாமல் இருந்து ஆள்வது என்று முடிவெடுக்கிறாள். பிழையைக் கண்டு திருந்தும் ஆட்சியாளர் கதைகளிலும் அரிது, வெளியிலும் அரிது. இதை அவளுக்குரிய பெருமையாகவே எண்ணுகிறேன். ஆனால் நகரைவிட்டுப் போனதுதான் தன் பிழை என்று அவள் புரிந்துகொள்கிறாள். அஸ்டபோரில் ஆளுக்கு ஆள் அதிகாரம் கைமாறியதே தவிர, மனிதரைப் பிடித்து விற்பதைத் தவிர வேறு தொழில் இல்லாத ஊராகவே அது இருந்தது என்பதை அவள் கவனிக்கவில்லை. கிளியான் தனி மனிதக் கொடுமைக்காரன் மட்டுமல்லன். அந்த ஊரின் பொருளாதாரம் பெற்ற பிள்ளை.

மீரீனில் அவள் கைக்கு வந்தது என்ன? முற்றுகை வரும் என்று தெரிந்ததும் ஆண்டைகள் சுற்றுவட்ட வயல்களுக்குத் தீ வைத்தார்கள், கிணறுகளில் நஞ்சிட்டார்கள். விடுதலை பெற்ற பல்லாயிரம் பேர் அவள் பின்னால் நடந்து வந்து அந்த மதிலுக்குள் நுழைந்தார்கள். கடல்வழி வணிகத்தில் அந்நகரம் விற்று வந்த பெரும் சரக்கு மனிதர்கள். அதை அவள் நிறுத்தியதும் வெளியூர்க் கப்பல்களுக்கு அங்கே வாங்குவதற்கு ஏதும் இல்லை. பயறு விதைக்கச் சொல்கிறாள்; ஒலிவ மரங்கள் நட்டால் காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும் என்பது அவளுக்கே தெரிகிறது. இந்த நெருக்கடியின் நடுவே, மூன்றாம் நாவலின் முடிவில், நான் மீண்டும் மீண்டும் திரும்பிச் செல்லும் ஓர் ஆணை இருக்கிறது. கல்வியும் கைத்திறனும் உள்ள சிலர், சுதந்திரமாகப் பட்டினி கிடப்பதைவிட அடிமையாகச் சோறு உண்பது மேல் என்று எண்ணி, தங்களைத் தாங்களே வணிகர்களிடம் விற்றுக்கொள்ள அனுமதி கேட்கிறார்கள். தன்னை விற்றுக்கொள்ளலாம், மனைவியையோ பிள்ளையையோ விற்கக் கூடாது என்று தீர்ப்பளிக்கிறாள். அஸ்டபோரில் ஒவ்வொரு விற்பனைக்கும் நகரம் பத்தில் ஒரு பங்கு எடுத்தது என்று அவளுடைய பணிப்பெண் மிசாண்டே சொன்னதும், இங்கும் அப்படியே எடுப்போம் என்று முடிவு செய்கிறாள். அடிமைமுறையை ஒழிக்க வந்த அரசின் கருவூலத்துக்கு மனித விற்பனையிலிருந்து வரி வருகிறது. இதைக் கொடுமை என்றோ கபடம் என்றோ என்னால் ஒதுக்க முடியவில்லை. வேறு எந்த வருவாய்க்கும் வழி செய்யாத ஓர் அரசு எங்கே போய் முட்டும் என்பதை மார்ட்டின் ஒரே பக்கத்தில் காட்டிவிடுகிறார்.

அவளுடைய நீதி பலமுறை அழகானது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உயர்குடிப் பிரபு ஒருவன் வழக்கோடு வருகிறான். அவன் வீட்டில் அடிமையாக இருந்த கிழவி ஒருத்தி சில பெண்களுக்கு நெசவு கற்றுத் தந்திருந்தாள். விடுதலைக்குப் பின் அவர்கள் துறைமுகத்தருகே கடை போட்டுச் சம்பாதிக்கிறார்கள். அதில் தனக்குப் பங்கு வேண்டும் என்பது அவன் கோரிக்கை. கற்றுத் தந்தவளின் பெயர் என்ன என்று அரசி கேட்கிறாள். அவனுக்கு அது சரியாக நினைவில்லை. பெயரையே மறந்தவனுக்குப் பங்கு கிடையாது, மாறாக அந்தப் பெண்களுக்கு அவனே ஒரு தறி வாங்கித் தர வேண்டும் என்று தீர்ப்பு வருகிறது. படிக்கும்போது நெஞ்சு நிறைகிறது. ஆனால் கணக்குப் பார்த்தால், அந்த நகரத்தில் அரசு வழியாக உழைப்பவர் கைக்குப் போன உற்பத்திக் கருவி என்று கண்ணில் படுவது அந்த ஒரு தறிதான். ஒவ்வொரு நாளும் வரிசையில் நிற்பவர்களுக்கு ஒவ்வொரு வழக்காக நீதி சொல்வது நல்ல அரசியின் குணம். ஆனால் மாளிகைகளான பிரமிடுகளும் நிலங்களும் பொன்னும் பழைய குடும்பங்களிடமே இருக்கும்போது, வரிசை நாளுக்கு நாள் நீளுமே தவிரக் குறையாது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும்: அவள் இன்னும் கடுமையாக இருந்திருந்தால் பழைய குடும்பங்கள் அடங்கியிருக்கும் என்பது. நாவலிலேயே ஸ்காஹாஸ் மோ கண்டாக் என்ற மொட்டைத் தலைப் பிரபு அவளை அப்படித்தான் தூண்டுகிறான். கடுமை குறைவாகவா இருந்தது? அவள் மீரீனுக்கு வரும் வழியில் ஆண்டைகள் 163 அடிமைக் குழந்தைகளை மைல்கல்தோறும் ஆணியால் அறைந்து வைத்தார்கள். நகரைப் பிடித்ததும் அவள் 163 ஆண்டைகளைக் கேட்டு வாங்கிச் சதுக்கத்தில் அறைந்தாள். அந்த 163 பேரின் வாரிசுகள் சொத்தையும் பெற்றார்கள், பழிவாங்கும் காரணத்தையும் பெற்றார்கள். இரவில் விடுதலை பெற்றவர்களையும் அவளது காவலர்களையும் கொன்று சுவரில் ரத்தத்தால் சின்னம் வரையும் ‘ஹார்ப்பியின் புதல்வர்கள்’ அங்கிருந்துதான் வலுப்பெறுகிறார்கள். கொலைகளுக்கு ஈடாகப் பெருங்குடும்பங்கள்மீது இரத்தவரி போடுகிறாள், அவர்களின் பிள்ளைகளைப் பிணையாக வைக்கிறாள், ஆனால் அந்தப் பிள்ளைகளைக் கொல்ல மனம் வரவில்லை. அது அவளுடைய மிக உயர்ந்த குணம். ஸ்காஹாஸ் சொன்னபடி செய்திருந்தால் கிடைத்திருப்பது இன்னோர் அஸ்டபோர்.

கதையில் நடந்ததைக் கொண்டு வாதம் செய்யலாமா, எழுதுபவர் விரும்பியபடி எதுவும் நடக்குமே என்று கேட்கலாம். அதனால்தான் கதைக்கு வெளியிலும் பார்க்க வேண்டும். 1833-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஒழிப்புச் சட்டம் அடிமை உடைமையாளர்களுக்கு 2 கோடி பவுண்டு இழப்பீடு தந்தது. அடிமைகளுக்கு ஒன்றும் தரவில்லை. ‘பயிற்சி’ என்ற பெயரில் அவர்கள் 1838 வரை பழைய எசமானர்களுக்கே உழைக்க வேண்டியிருந்தது. தோட்டங்கள் அந்த எசமானர்களுடையதாகவே இருந்ததால் வேலைக்கு வேறு ஆள் தேடினார்கள். மொரீசியஸுக்கும் கரீபியத் தீவுகளுக்கும் பின்னர் நேட்டாலுக்கும் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்களில் ஏராளமானோர் தமிழர். அதே சட்டம் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளைத் தொடவே இல்லை. இங்கே 1843-ல் வந்த ஐந்தாம் சட்டம், ஒருவரை அடிமை என்று நீதிமன்றம் ஏற்காது என்று மட்டும் சொன்னது. காவிரிப் படுகையில் நிலம் யாரிடம் இருந்ததோ அவர்களிடமே இருந்தது. உழைத்தவர் பண்ணையாளாகத் தொடர்ந்தார். தஞ்சைப் பண்ணையாளுக்கென்று தனிப் பாதுகாப்புச் சட்டம் வர 1952 வரை ஆயிற்று. அமெரிக்காவில் 1865 ஜனவரியில் தளபதி ஷெர்மன், கைப்பற்றிய கடலோர நிலத்தைக் குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை விடுதலை பெற்றவர்களுக்கு ஒதுக்க ஆணையிட்டார். அதே ஆண்டு அதிபர் ஆண்ட்ரூ ஜான்சன் அதில் பெரும்பகுதியைப் பழைய உரிமையாளர்களுக்கே திருப்பிக் கொடுக்க வைத்தார். கு கிளக்ஸ் கிளான் டென்னசியில் தோன்றியதும் அந்த ஆண்டுகளில்தான். இரவில் வந்து கொல்லும் ஹார்ப்பியின் புதல்வர்களை மார்ட்டின் வானத்திலிருந்து பிடித்து வரவில்லை.

வேறொரு பக்கத்திலிருந்து வரும் மறுப்பு இன்னும் கூர்மையானது. ஹிஸ்தார் சோ லோராக் என்ற உள்ளூர்ப் பிரபு 90 நாள் கொலை நடக்காமல் காத்துக் காட்டுகிறான். அவனை மணந்து அவள் அமைதி ஏற்படுத்துகிறாள். அந்த அமைதி உண்மையானது, அவள்தான் அதைப் பொறுக்காமல் விட்டுப் போனாள் என்று கவனமாகப் படித்த வாசகர்கள் பலர் வாதிடுகிறார்கள். நாவலில் அந்த வாசிப்புக்கு இடமிருக்கிறது. ஆனால் அமைதியின் விலை என்ன என்று பாருங்கள். மூடப்பட்ட சண்டைக் களங்கள் திறக்கப்படுகின்றன. யுங்காய் தன் அடிமை வணிகத்தைத் தொடரலாம். மதிலுக்கு வெளியே, அரசியின் கண்ணெதிரே, அடிமைச் சந்தை கூடுகிறது. மதிலுக்குள் கொலை நின்றது உண்மை. உயிர் பிழைத்தவர்களுக்கு அது சிறிய விஷயம் அன்று. இருந்தாலும் அந்த அமைதியைத் தரவும் திரும்பப் பெறவும் கூடியவர்கள் சொத்து யாரிடம் இருந்ததோ அவர்களே. விடுதலை பெற்றவர்களிடம் யாரும் கையெழுத்து கேட்கவில்லை.

இந்த இடத்தில் மார்ட்டினையும் குறை சொல்லியாக வேண்டும். கிழக்கு நகரங்களை அவர் ஒரே வண்ணத்தில் தீட்டுகிறார். ஆண்டைகளின் பெயர்கள் ஒன்றோடொன்று கலங்குகின்றன. விடுதலை பெற்றவர்கள் ‘தாயின் மைந்தர்’, ‘விடுதலைச் சகோதரர்’ என்று படைப்பிரிவுகளாகத் தெரிகிறார்களே தவிர, அவர்களுக்குள் நடக்கும் விவாதம் நம் காதில் விழுவதில்லை. தொலைக்காட்சித் தொடரின் மூன்றாம் பருவம், வெளிர் நிறத்து அரசியை மாநிறத்துக் கூட்டம் தாயே என்று கூவித் தூக்குவதோடு முடிந்தபோது எழுந்த கண்டனம் நியாயமானது. ஹெய்டியில் அடிமைகள் தாங்களே போரிட்டு 1804-ல் நாடு கண்டார்கள் என்பதை அறிந்தவர்களுக்கு இந்தக் குறை உறுத்தவே செய்யும். ஆனால் இது என் வாதத்தைக் குலைப்பதாகத் தோன்றவில்லை. விடுதலை பெற்றவர்களுக்கு நிலமோ கருவியோ அவையில் இருக்கையோ இல்லாத ஆட்சியில் அவர்கள் குரலற்றுப் போவார்கள். அந்த ஆட்சியின் குறையை அப்படியே கதையின் குறையாகவும் மார்ட்டின் விட்டுவிட்டார் என்பதே என் வருத்தம்.

தொலைக்காட்சித் தொடர் இதைவிட மோசமாகக் கைகழுவியது. ஆறாம் பருவத்தில் அடிமைமுறையை ஒழிக்க அண்டை நகரங்களுக்கு 7 ஆண்டு அவகாசம் பேசப்படுகிறது. 2016-ல் வந்த அந்தப் பருவத்தின் முடிவில், மக்கள் தங்கள் தலைவர்களைத் தேர்ந்தெடுக்கும் வரை அமைதி காக்கும்படி ஒரு கூலிப்படைத் தலைவனிடம் சொல்லிவிட்டு அரசி கப்பலேறுகிறாள். அடுத்த இரண்டு பருவங்களிலும் கதை அந்த நகரத்துக்குத் திரும்பவே இல்லை. தேர்தல் நடந்ததா, பிரமிடுகள் யார் கையில் இருக்கின்றன என்று கேட்க ஒரு பாத்திரம்கூட இல்லை. நாவலில் மீரீன் இன்னும் முற்றுகையில் இருக்கிறது. ஆறாம் நாவல் வந்தால் அதில் நான் முதலில் தேடப்போவது, அரசி விதைக்கச் சொன்ன அந்தப் பயறு யாருடைய நிலத்தில் விளைகிறது, அறுத்தவர் வீட்டுக்கு அதில் எவ்வளவு போகிறது என்பதைத்தான்.

(தொடரும்)