கம்பியில்லாத கம்பி

குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டு யாரும் அதன் எதிரே நிற்பதில்லை. விசில் வந்ததும் போனால் போதும். பிராசஸரும் அப்படித்தான். ‘விசை அழுத்தப்பட்டதா?’ என்று விசைப்பலகையை ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்காமல் தன் வேலையைப் பார்க்கும். விசை அழுத்தப்பட்டதும் தனி மின்கம்பி ஒன்றில் அழைப்பு வரும். அதுதான் இன்டரப்ட்.

1981-இல் வந்த ஐபிஎம் பிசியில் இந்த அழைப்புகளை வாங்க 8259 என்ற சில்லு இருந்தது. அதற்கு எட்டுக் கம்பிகள். 0 டைமருக்கு, 1 விசைப்பலகைக்கு. 1984-இன் ஏடி மாடலில் இரண்டாவது 8259 சேர்ந்தது. அதை முதல் சில்லின் 2-ஆம் கம்பியில் மாட்டியதால் மிஞ்சியவை 15.

இந்தக் கணினி முழுவதையும் மென்பொருளாகவே எழுதினால் கம்பிக்கு எங்கே போவது? ஃபப்ரீஸ் பெல்லார் தொடங்கிய, 2003-இல் வெளிவந்த கியூஎமு என்ற எமுலேட்டரில் இதற்கு அழகான விடை இருக்கிறது. அங்கே கம்பி என்பது மூன்றே தகவல்கள்: எந்த ஃபங்ஷனை அழைப்பது, அது எந்தச் சாதனத்துக்குரியது, எத்தனையாவது கம்பி. ஒரு சாதனம் கம்பியை ‘1’ ஆக்கினால், மறுமுனையின் ஃபங்ஷன் அந்தக் கணமே ஓடும். 0, 1 எதையும் கம்பி நினைவில் வைத்துக்கொள்ளாது; அது இருமுனைச் சாதனங்களின் பொறுப்பு.

கம்பி போடும் வேலை மூன்று கைகளில் இருக்கிறது. சாதனம் தன் வெளியீட்டு முனையை அறிவிக்கும். இன்டரப்ட் கன்ட்ரோலர் தன் உள்ளீட்டு முனைகளை உருவாக்கும். இரண்டையும் இணைப்பது போர்டுக்கான நிரல். எந்த எண்ணில் தன்னை மாட்டியிருக்கிறார்கள் என்பது சாதனத்துக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. அதனால்தான் பிஎல்011 என்ற சீரியல் போர்ட்டின் நிரலை ஒருமுறை எழுதிவிட்டுப் பல ஆர்ம் போர்டுகளில் அப்படியே பயன்படுத்த முடிகிறது.

கியூஎமுவின் ‘விர்ட்’ என்ற ஆர்ம் போர்டில் அந்த பிஎல்011, ஜிஐசி என்ற கன்ட்ரோலரின் 1-ஆம் உள்ளீட்டில் மாட்டப்பட்டிருக்கிறது. ஜிஐசியில் 0 முதல் 31 வரையுள்ள எண்கள் ஒவ்வொரு பிராசஸர் கோருக்கும் உரிய தனி இன்டரப்ட்களுக்கானவை. பொதுச் சாதனங்களின் எண் 32-இல்தான் தொடங்கும். எனவே கன்ட்ரோலரின் கணக்கில் இது 33. எந்த உள்ளீடு என்பதை உள்ளே ஓடும் லினக்ஸுக்குச் சொல்வது, வன்பொருளை விவரிக்கும் டிவைஸ் ட்ரீ. கம்பி ஓரிடத்திலும் டிவைஸ் ட்ரீ சொல்லும் எண் வேறிடத்திலும் இருந்தால், கர்னலின் செய்திகள் திரையில் சரியாகவே ஓடும்; அவற்றை அச்சிட இன்டரப்ட் தேவையில்லை. ஆனால் லாகின் வந்ததும் எல்லாம் நின்றுவிடும். எவ்வளவு தட்டினாலும் ஓர் எழுத்தும் உள்ளே போகாது.

கம்பியை மாட்டவே மறந்திருந்தாலும் கியூஎமு பிழை காட்டாது. மாட்டாத கம்பியில் வரும் அழைப்பைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். நிஜப் போர்டில் பல முனைகள் எதனுடனும் சேராமல் கிடப்பது இயல்பு என்பதால் அந்த ஏற்பாடு நியாயமானதே.

ஆகவே, நீங்கள் எழுதிய சாதனம் பேச மறுத்தால் அதன் நிரலை உடனே பிரித்துப் போடாதீர்கள். முனை உருவானதா, மறுமுனையோடு இணைந்ததா, டிவைஸ் ட்ரீயின் எண் பொருந்துகிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு சாதனத்துக்கு ஒரு வேலை கொடுத்து, லினக்ஸின் இன்டரப்ட் பட்டியலில் அதன் எண்ணிக்கை ஏறுகிறதா என்று கவனியுங்கள். பூஜ்யத்திலேயே நின்றால், முதலில் சந்தேகிக்க வேண்டியது கம்பியைத்தான்.