தொலைவு கணக்கிடாத கட்டணம்: இந்திய அஞ்சல் துறையின் வரலாறும் பணிகளும்

ஆய்வுச்சுருக்கம்

இந்திய அஞ்சல் துறை ஆட்சித் தேவைக்காகத் தோன்றிப் பின்னர் பொதுமக்கள் அமைப்பாக வளர்ந்தது. 1854ஆம் ஆண்டுச் சீர்திருத்தம், தொலைவைக் கணக்கிடாத ஒரே கட்டணம் என்னும் கொள்கையை நாட்டிற்கு வழங்கியது. அக்கொள்கையை அடித்தளமாகக் கொண்டு துறையின் வளர்ச்சியையும் பணிகளையும் விளக்குவதோடு, 2023ஆம் ஆண்டின் அஞ்சலகச் சட்டம் கொணர்ந்துள்ள மாற்றங்களின் பொருளையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

கருச்சொற்கள்: அஞ்சல், தபால், அஞ்சல்தலை, ஒரே கட்டணம், தனியுரிமை, கிளை அஞ்சலகம்.

முன்னுரை

அஞ்சல் துறையின் வரலாற்றைத் தொடக்க ஆண்டுகளின் வரிசையாக மட்டும் எழுதிவிடுவதுண்டு. முதல் அஞ்சலகம், முதல் அஞ்சல்தலை, முதல் வானஞ்சல் என அவ்வரிசை நீளும். ஆயின், தொலைதூரச் சிற்றூருக்குச் செல்லும் கடிதத்திற்கும் அண்டைத் தெருவுக்குச் செல்லும் கடிதத்திற்கும் ஒரே கட்டணம் பெறும் அமைப்பு எவ்வாறு நிலைபெற்றது, அதற்காகும் செலவை யார் ஏற்றனர் என்னும் வினாக்களுக்கு அவ்வரிசையில் விடை கிடைப்பதில்லை. இவ்வினாக்களே இக்கட்டுரையின் நோக்கத்தை வரையறுக்கின்றன.

ஆட்சியாளர் அஞ்சலிலிருந்து பொது அஞ்சலுக்கு

ஓட்டக்காரர்களையும் குதிரைகளையும் கொண்டு செய்தி அனுப்பும் முறை இந்திய அரசுகளில் நெடுங்காலமாக வழக்கிலிருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதியில் 1766இல் இராபர்ட் கிளைவ் முறையான அஞ்சல் ஏற்பாட்டை உருவாக்கினார். 1774இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் அதனைப் பொதுமக்களுக்கும் திறந்துவிட்டார். அப்போது நூறு மைலுக்கு இரண்டு அணா கட்டணமாக வகுக்கப்பட்டது. கல்கத்தாவில் 1774இலும், சென்னையில் 1786இலும், பம்பாயில் 1794இலும் தலைமை அஞ்சலகங்கள் அமைந்தன.

1837ஆம் ஆண்டுச் சட்டம், கம்பெனியின் ஆட்சிப் பகுதியில் கூலிக்குக் கடிதம் சுமக்கும் உரிமையை அரசுக்கே உரியதாக்கியது. எனினும் கட்டணம் தொலைவையும் எடையையும் பொறுத்தே அமைந்தது. கல்கத்தாவிலிருந்து பம்பாய்க்கு ஒரு தோலா எடையுள்ள கடிதம் அனுப்ப ஒரு ரூபாய் தேவைப்பட்டது. அக்காலக் கூலிநிலையில் எளிய மக்கள் இதனை எண்ணிப்பார்த்திருக்கவும் இயலாது. அஞ்சல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டிருந்தபோதும் நடைமுறையில் அது அதிகாரிகளுக்கும் வணிகர்களுக்கும் உரியதாகவே இருந்தது.

1854: ஒரே கட்டணத்தின் தோற்றம்

1852இல் சிந்து மாகாணத்தில் பார்ட்டில் ஃபிரீயர் வெளியிட்ட ‘சிந்து டாக்’ முத்திரைகள் ஆசியாவின் முதல் அஞ்சல்தலைகளாக மதிக்கப்படுகின்றன. 1854ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி, அதுவரை மாகாண வாரியாகப் பிரிந்திருந்த அஞ்சல் ஒரு தலைமை இயக்குநரின் கீழ் வந்தது. அவ்வாண்டு அக்டோபர் முதல் நாடு முழுமைக்கும் பொருந்தும் அஞ்சல்தலைகள் வழக்கிற்கு வந்தன. கால் தோலா வரையிலான கடிதத்திற்கு அரை அணா எனவும், ஒரு தோலா வரையிலான கடிதத்திற்கு இரண்டு அணா எனவும் கட்டணம் அமைந்தது. தொலைவு கணக்கில் கொள்ளப்படவில்லை. கல்கத்தாவிலிருந்து பம்பாய்க்கு ஒரு ரூபாய், அதாவது பதினாறு அணா, கேட்ட அதே கடிதம் எட்டில் ஒரு பங்கு கட்டணத்தில் சென்றது.

இம்மாற்றத்தின் உட்பொருள் கட்டணக் குறைப்போடு நிற்பதன்று. அருகிலுள்ளோர் அனுப்பும் கடிதத்தின் வருவாய், தொலைவிலுள்ளோர் கடிதத்தின் செலவைத் தாங்குகிறது. நகரத்தின் வருவாய் சிற்றூரின் அஞ்சலகத்தைத் தாங்குகிறது. வருவாய் மிகுந்த தடங்களைப் பிறர் கைக்கொள்ளாதவாறு காத்தது கடிதத்தின் மீதான அரசின் தனியுரிமை. ஆகவே ஒரே கட்டணமும் தனியுரிமையும் ஒன்றையொன்று சார்ந்து நின்றன எனலாம்.

பணிகளின் விரிவு

கடிதத்திற்கென அமைந்த வலையமைப்பு பிற பணிகளையும் ஏற்றது. 1877இல் மதிப்புப் பெற்று ஒப்படைக்கும் அஞ்சல் (வி.பி.பி.), 1879இல் கால் அணா அஞ்சலட்டை, 1880இல் பணவிடை, 1882இல் அஞ்சலகச் சேமிப்பு வங்கி, 1884இல் அஞ்சல் ஆயுள் காப்பீடு ஆகியன தோன்றின. வங்கி எட்டாத ஊர்களில் சேமிப்பும் பணப் பரிமாற்றமும் அஞ்சலகத்தின் வழியே நிகழ்ந்தன. வெளியூரில் உழைப்போர் ஊருக்கு அனுப்பிய மணியார்டரை வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து கொடுத்தவர் தபால்காரர். கடிதத்தை வாசித்துக் காட்டவும் எழுதித் தரவும் அவரே துணைநின்றதுண்டு.

1911 பிப்ரவரி 18 அன்று அலகாபாத்திலிருந்து நைனிக்கு ஆன்றி பெக்கே என்னும் பிரெஞ்சு விமானி சுமார் 6,500 கடிதங்களை விமானத்தில் கொண்டுசென்றார். இந்நிகழ்வு உலகின் முதல் அதிகாரப்பூர்வ வானஞ்சலாகக் குறிக்கப்படுகிறது.

தென்கோடியில் திருவிதாங்கூர், கொச்சி அரசுகள் ‘அஞ்சல்’ என்னும் பெயரிலேயே தனி அமைப்புகளை நடத்தின. மணி கட்டிய கோலுடன் ஓடிய அஞ்சலோட்டக்காரர் அதன் அடையாளமாக விளங்கினார். இன்றைய கன்னியாகுமரி மாவட்டப் பகுதிகளும் அவ்வமைப்பினுள் இருந்தன. 1951இல் அது இந்திய அஞ்சல் துறையுடன் இணைந்தது. தமிழ்நாட்டில் ‘தபால்’ பேச்சு வழக்கிலும் ‘அஞ்சல்’ அலுவல் வழக்கிலும் இன்று நிலைபெற்றுள்ளன.

விடுதலைக்குப் பின்

விடுதலையின்போது நாட்டில் 23,344 அஞ்சலகங்கள் இருந்தன. இன்று அவ்வெண்ணிக்கை ஏறத்தாழ 1,65,000. அவற்றில் பெரும்பான்மையானவை ஊரகக் கிளை அஞ்சலகங்கள். பல மொழிகளில் எழுதப்படும் முகவரிகளாலும் ஒரே பெயருடைய ஊர்களாலும் எழுந்த குழப்பத்தைத் தீர்க்க, 1972 ஆகஸ்ட் 15 அன்று ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண் நடைமுறைக்கு வந்தது. அதன் முதல் இலக்கம் மண்டலத்தையும், முதல் மூன்று இலக்கங்கள் பிரிப்பு மாவட்டத்தையும், இறுதி மூன்று இலக்கங்கள் பட்டுவாடா செய்யும் அஞ்சலகத்தையும் சுட்டும். 1986இல் விரைவு அஞ்சலும், 1995இல் ஊரக அஞ்சல் ஆயுள் காப்பீடும், 2018இல் இந்திய அஞ்சல் பட்டுவாடா வங்கியும் தொடங்கப்பெற்றன.

இவ்விரிவைத் தாங்குவோர் கிராமிய அஞ்சல் ஊழியர்கள். பள்ளி ஆசிரியர் போன்றோரை ஓய்வு நேரத்தில் அஞ்சற்பணிக்கு அமர்த்திய பழைய ஏற்பாட்டின் தொடர்ச்சியே இம்முறை. இவர்கள் குடிமைப் பதவி வகிப்போர் என உச்ச நீதிமன்றம் 1977இல் தீர்ப்பளித்தது. எனினும் நிரந்தர அரசு ஊழியருக்குரிய பணிநிலை இவர்களுக்கு வாய்க்கவில்லை. ஒரே கட்டணத்தின் செலவில் ஒரு பகுதியை இவர்தம் குறைந்த ஊதியமே ஏற்றுள்ளது என்பது கருதத்தக்கது.

2023ஆம் ஆண்டுச் சட்டம்

1898ஆம் ஆண்டின் அஞ்சலகச் சட்டத்திற்கு மாற்றாக இயற்றப்பட்ட 2023ஆம் ஆண்டுச் சட்டம், 2024 ஜூன் 18 முதல் நடைமுறையில் உள்ளது. இதில் இரு மாற்றங்கள் ஆய்வுக்குரியன.

முதலாவது, கடிதம் சுமக்கும் தனியுரிமை இடம்பெறவில்லை. அஞ்சல்தலை வெளியிடும் தனியுரிமை மட்டுமே எஞ்சியுள்ளது. தனியார் கூரியர் நிறுவனங்கள் பரவிவிட்ட சூழலில் பழைய தனியுரிமை ஏட்டளவில்தான் இருந்தது என்பது உண்மையே. ஆயினும், அது நீங்கியபின் சிற்றூர் அஞ்சலகத்தின் செலவு சேமிப்பு, காப்பீடு, பொதி அஞ்சல் ஆகியவற்றின் வருவாயையோ அரசின் நிதியையோ நம்பியே நிற்கவேண்டியதாகிறது.

இரண்டாவது, அஞ்சற்பொருளை இடைமறிக்கும் அதிகாரம். பழைய சட்டம் பொது நெருக்கடி, பொதுப் பாதுகாப்பு அல்லது அமைதி ஆகிய காரணங்களைக் கூறியது. இவ்வதிகாரத்தைத் திருத்த முனைந்த 1986ஆம் ஆண்டு மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறியபோதும், குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் அதற்கு ஒப்புதல் அளிக்கவில்லை. புதிய சட்டம் நாட்டின் பாதுகாப்பு, அயல்நாட்டு நல்லுறவு, பொது ஒழுங்கு முதலியவற்றோடு பிற சட்டங்களை மீறுதலையும் காரணமாகச் சேர்க்கிறது. அஞ்சலைக் கடமைக்கு மாறாகத் திறக்கும் ஊழியருக்குப் பழைய சட்டம் தண்டனை வகுத்திருந்தது. அத்தகைய பிரிவு புதிய சட்டத்தில் இல்லை. உறையை ஒட்டி அனுப்புவோர் துறையின்மீது கொள்ளும் நம்பிக்கையோடு தொடர்புடைய மாற்றம் இது.

முடிவுரை

இந்திய அஞ்சல் துறையின் வரலாறு மூன்று தூண்களின்மேல் அமைந்தது: தொலைவு கணக்கிடாத கட்டணம், அதனைக் காத்த தனியுரிமை, கடிதத்தின் மறைபொருள் காக்கப்படும் என்னும் நம்பிக்கை. இவற்றுள் இரண்டாவது சட்டத்திலிருந்து நீங்கியுள்ளது, மூன்றாவது தளர்ந்துள்ளது. எனவே முதலாவதைக் காக்கும் பொறுப்பு இனி வெளிப்படையான நிதி ஒதுக்கீட்டையும் கொள்கை முடிவையும் சார்ந்தது. கிளை அஞ்சலகங்களின் வருவாயையும் செலவையும் மாவட்ட அளவில் ஆராய்வதும், கிராமிய ஊழியர்களின் பணிநிலையை அவற்றோடு இணைத்துக் காண்பதும் இத்துறையில் அடுத்து மேற்கொள்ளத்தக்க ஆய்வுகளாகும்.