கையிருப்புக்கு ஏற்ற கேம்பர் வேன்

பள்ளி விடுமுறை நாட்களில் மெர்சிங்கை அடுத்த ஆயர் பாப்பான் கடற்கரைப் பக்கம் போனால் ஒரு காட்சியைப் பார்க்கலாம். மர நிழலில் வரிசையாக வேன்கள் நிற்கும். பின்கதவு மேலே தூக்கியிருக்கும். உள்ளே மெத்தை, வெளியே அடுப்பு, கொடியில் ஈரத்துண்டு, பக்கத்தில் மணலில் உருளும் பிள்ளைகள். ஹோட்டல் அறைக்குக் கொடுக்கும் காசை மிச்சம் பிடித்துக்கொண்டு, குடும்பம் முழுவதும் இரண்டு நாள் கடல் காற்று வாங்கிவிட்டுத் திரும்பும்.

இதற்குக் கேம்பர் வேன் என்று பெயர். பெயர்தான் நமக்குப் புதிது. பங்குனி உத்திரத்துக்குப் பகாங் மாநிலத்து மாரான் மரத்தாண்டவர் கோயிலுக்குத் தோட்ட லோரியில் பாயும் பானையும் ஏற்றிக்கொண்டு போய், மரத்தடியில் கல் கூட்டிச் சமைத்து, அங்கேயே படுத்து எழுந்து வந்தவர்கள் நம் பெரியவர்கள். அவர்களுக்கு இந்த வித்தையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. லோரிக்குக் கூரை இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்!

இன்று தோட்டத்திலும் பட்டணத்திலும் சில குடும்பங்களுக்கு இந்த ஆசை வந்திருக்கிறது. ஆசையில் தவறில்லை. ஆனால் பல வருஷம் சேர்த்த பணத்தை, சில வீடுகளில் ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த சேமநிதிப் பணத்தையே, இதில் போடுகிறார்கள். அந்தப் பணம் பட்டறை வாசலில் கரைந்து போகக்கூடாது அல்லவா? அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

ஒரு பழைய கதை

ஜெர்மனியின் வோக்ஸ்வேகன் நிறுவனம் 1950ஆம் ஆண்டில் ஒரு வேனைத் தயாரித்து விற்கத் தொடங்கியது. சாமான் ஏற்றவும் ஆள் ஏற்றவும் ஏற்ற வண்டி அது. அடுத்த ஆண்டே, 1951இல், வெஸ்ட்ஃபாலியா என்ற இன்னொரு ஜெர்மன் நிறுவனம் அந்த வேனுக்குள் வைப்பதற்கென்று ஒரு மரப்பெட்டி செய்தது. கேம்பிங் பாக்ஸ் என்று அதற்குப் பெயர். படுக்கை, அலமாரி, சமையல் சாமான் எல்லாம் அந்தப் பெட்டியோடு வரும். விடுமுறை வந்தால் உள்ளே வைப்பார்கள். முடிந்தால் வெளியே எடுத்துவிட்டு வேனை மறுபடி வேலைக்கு ஓட்டுவார்கள். போர் முடிந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த தேசம், கையில் காசு குறைவான காலம். வேலைக்கு ஒன்று, உல்லாசத்துக்கு ஒன்று என்று இரண்டு வண்டி வாங்க முடியாதவர்கள் கண்டுபிடித்த வழி இது.

நமக்கும் இந்த வழிதான் சரி என்பது என் அபிப்பிராயம். வேனை வேனாகவே வாங்குங்கள். திங்கள் முதல் வெள்ளி வரை அது பாசாருக்குக் காய்கறி ஏற்றட்டும், கேட்டரிங் பாத்திரம் சுமக்கட்டும். சனிக்கிழமை மட்டும் படுக்கையாக மாறட்டும். வருஷத்தில் பத்து இரவுக்காக மட்டும் வாசலில் நிற்கும் வண்டிக்கும் ரோட் டேக்ஸ் உண்டு, இன்சூரன்ஸ் உண்டு, டயரும் தேயாமலே காய்ந்து வெடிக்கும்.

அலங்காரத்தைப் பார்த்து மயங்காதீர்கள்

ஏற்கெனவே படுக்கை, திரைச்சீலை, கலர் விளக்கு எல்லாம் பொருத்திய பழைய வேன்களும் விலைக்கு வருகின்றன. வீட்டுக்காரி பார்த்ததும் "ஐயோ, எவ்வளவு அழகு!" என்பார். விற்பவருக்கு அந்த ஒரு வார்த்தை போதும். ஆனால் பலகையும் மெத்தையும் நாமே சில நூறு வெள்ளியில் செய்துகொள்ளக் கூடியவை. என்ஜினும் அடிச்சட்டமும் அப்படியல்ல. அழகான பலகைக்குப் பின்னால் துரு ஒளிந்திருந்தால் அதை நீங்கள் பார்க்கவும் முடியாது.

கையில் பதினைந்தாயிரம் வெள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பதினைந்தாயிரத்துக்கு வேன் தேடக்கூடாது. பத்தாயிரத்துக்குத் தேட வேண்டும். மூவாயிரத்தை முதல் ஆண்டுப் பழுதுக்கென்று தொடாமல் வைக்க வேண்டும். டயர், பேட்டரி, பிரேக், ரேடியேட்டர் என்று அது தானாக வெளியே போய்விடும். மீதியில் இன்சூரன்ஸ், பெயர் மாற்றச் செலவு. கடைசியில் மிஞ்சுவதுதான் மெத்தைக்கு. தொகை கூடலாம், குறையலாம். இந்தப் பங்கீட்டை மாற்றாதீர்கள்.

எந்த வேன்? நம் நாட்டில் நெடுங்காலம் ஓடிய நிசான் வேனெட் சின்னதுதான், ஆனால் அதைப் பழுது பார்க்கத் தெரியாத பட்டறைக்காரர் அபூர்வம். பழைய சாமானும் கிடைக்கும். பெரோடுவா ரூசா அதைவிடச் சின்னது. கணவன் மனைவி இருவருக்குப் போதும், பிள்ளைகள் இருந்தால் போதாது. டொயோட்டா ஹையேஸ், நிசான் ஊர்வான் இரண்டும் பெரியவை, உறுதியானவை, விலையும் அதற்கேற்றாற்போல்தான். இந்தப் பழைய வேன்களில் என்ஜின் முன்சீட்டுக்கு அடியில் இருக்கும். அதனால் பின்பக்கம் நல்ல இடம் கிடைக்கிறது. ஆனால் நீண்ட தூரம் ஓட்டினால் ஓட்டுநர் சீட்டு அடுப்பு மாதிரி சுடும், தண்ணீர் பார்க்க வேண்டுமானாலும் சீட்டைத் தூக்க வேண்டும். தூக்கச் சோம்பல்பட்டுத் தண்ணீர் பார்க்காமல் விட்டு என்ஜினைக் கெடுத்தவர்கள் பலர்.

டீசல் வேன் செலவு குறைவு என்று இன்னமும் சிலர் சொல்வார்கள். அது பழைய கணக்கு. 2024ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் எல்லோருக்குமான டீசல் மானியம் எடுக்கப்பட்டு, லிட்டர் 2.15 வெள்ளியிலிருந்து ஒரே நாளில் 3.35க்கு ஏறியது. வருஷத்தில் சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடும் குடும்பத்துக்குப் பெட்ரோல் வேனே போதும்.

அளவு நாடாவை எடுத்துக்கொண்டு போங்கள். அதைவிட நல்லது, வீட்டில் யார் உயரமோ அவரையே அழைத்துப் போய் வேனுக்குள் படுக்கச் சொல்வது. விற்பவர் சிரித்தால் சிரிக்கட்டும். காலை மடக்கிக்கொண்டு இரவெல்லாம் புரளப் போவது அவரல்ல.

வெள்ளத்தில் குளித்த வண்டி

ஜோகூர்வாசிகள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் சிகாமட்டும் கோத்தா திங்கியும் மூழ்கியதை மறந்திருக்க மாட்டோம். 2023 மார்ச்சில் மறுபடியும் சிகாமட், பத்து பகாட், யோங் பெங் பக்கமெல்லாம் தண்ணீர். இப்படி மூழ்கிய வண்டிகளில் சில, துடைத்துப் பாலிஷ் போட்டு, வாசனைத் தைலம் தெளித்து மறுபடி விலைக்கு வருகின்றன. பார்க்கப் பளபளப்பாக இருக்கும். ஆறு மாதம் கழித்து ஒயர்கள் பச்சை பூத்து, ஒன்று மாற்றி ஒன்று கோளாறு கொடுக்கும்.

கண்டுபிடிக்கச் சில வழிகள் உண்டு. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். கழுவியவர் முன்பாதியைத்தான் கழுவியிருப்பார். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக்கோடு நிற்கும். தரைவிரிப்பைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். சீட்டைப் பிடித்திருக்கும் இரும்புத் தண்டவாளத்தில் துரு, முன்விளக்குக் கண்ணாடிக்குள் தண்ணீர்க் கறை, ஸ்பேர் டயர்க் குழியில் நைசான மண் — இவற்றில் இரண்டு இருந்தாலே "நன்றி அண்ணே" என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம். அதிக வாசனை அடிக்கும் வேனையும் நான் நம்ப மாட்டேன்.

மற்றபடி வழக்கமான சோதனைகள்தான். "நான் வருவதற்கு முன் ஸ்டார்ட் செய்யாதீர்கள்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சூடான என்ஜின் பல குறையை மறைக்கும். குளிர்ந்த என்ஜினைக் கிளப்பும்போது நீலப்புகை வந்தால் எண்ணெய் எரிகிறது. வெள்ளைப்புகை நிற்காமல் வந்தால் தண்ணீர் உள்ளே போகிறது என்று சந்தேகிக்க வேண்டும். எண்ணெய் மூடியின் அடியில் பால் கலந்த காப்பி நிறத்தில் பசை இருந்தாலும் அதே வியாதிதான். டயர் ஓரத்தில் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். 3516 என்றால் 2016ஆம் ஆண்டின் 35ஆவது வாரம். பட்டை எவ்வளவு தடிப்பாக இருந்தாலும் அந்த டயருக்கு வயதாகிவிட்டது.

துருவைத் தேடக் குனிய வேண்டும், படுக்கவும் வேண்டும். சக்கர வளைவு, கதவின் அடிவிளிம்பு, கூரையோரத்து மழைக்கால்வாய் ஆகிய மூன்று இடங்களில் விரலால் அழுத்திப் பாருங்கள். ஐம்பது, நூறு வெள்ளி கொடுத்தாவது உங்களுக்குத் தெரிந்த பட்டறைக்காரரைக் கூட அழைத்துப் போவது நல்லது. விற்பவர் காட்டும் பட்டறைக்காரர் வேண்டாம். "காலையில்தான் ரெண்டு பேர் பார்த்துட்டுப் போனாங்க, மாலையில பணத்தோட வர்றாங்க" என்பார் விற்பவர். வரட்டும், வாங்கட்டும்.

காகிதம் சரியாக இருக்கிறதா?

கிராண்டில் உள்ள என்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் வண்டியில் உள்ளதோடு ஒத்திருக்க வேண்டும். பேங்குக் கடன் பாக்கி, கட்டாத சமன், ஜே.பி.ஜே.யின் தடை எதுவும் இல்லையென்று உறுதி செய்த பிறகுதான் முன்பணம். பெயர் மாற்றத்துக்கு முன் அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் வாகனச் சோதனையும் நடக்க வேண்டும். 'சம்போங் பாயார்' என்று ஒரு வழக்கம் நம் மக்களிடையே பரவியிருக்கிறது: இன்னொருவர் பெயரிலுள்ள வண்டியை எடுத்து, அவருடைய தவணையை நாம் கட்டுவது. மூன்று வருஷம் ஒழுங்காகக் கட்டினாலும் வண்டி அவர் பெயரில்தான் இருக்கும். நாம் கொடுத்த பணத்தை அவர் பேங்கில் கட்டாமல் விட்டால் வண்டி போய்விடும். நமக்குப் பேச வாய் இருக்காது. மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

இன்னொன்று. கிராண்டில் எழுதியுள்ள இருக்கைகளை நிரந்தரமாகக் கழற்றுவது, கூரையை அறுத்து உயர்த்துவது போன்ற மாற்றங்களை ஜே.பி.ஜே. அனுமதியில்லாமல் செய்யக்கூடாது. விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸிலும் தகராறு வரும். எடுத்து வைக்கும் பெட்டி, மடக்கும் கட்டில் என்றால் இந்தத் தொல்லை குறைவு. ஜன்னலில்லாத சாமான் வேன் விலை மலிவு. ஆனால் பின்னால் ஆட்களை உட்கார வைத்துப் போக அதற்கு உரிமையில்லை. குடும்பத்துக்கு ஜன்னல் வைத்த ஆள் வேனைத்தான் பார்க்க வேண்டும். படுக்கை இருக்கிறதே என்று ஓடும் வண்டியில் பிள்ளைகளைப் படுக்க வைக்காதீர்கள். 2009 ஜனவரி முதல் பின்சீட்டிலும் பெல்ட் கட்டாயம். 2020 முதல் சிறு குழந்தைக்குத் தனி இருக்கையும் கட்டாயம். சட்டத்தை விடுங்கள். ஒரு சடன் பிரேக்கில் மெத்தையோடு குழந்தை எங்கே போய் விழும்?

உள்ளே என்ன வேண்டும்?

கொஞ்சம்தான். நாலு மரப்பெட்டி, மேலே பிளைவுட் பலகை, அதன்மேல் இரண்டாகவோ மூன்றாகவோ மடிக்கும் மெத்தை. பெட்டிக்குள் துணி, அரிசி, பாத்திரம். இருபது லிட்டர் தண்ணீர் டின் ஒன்று. அதற்கு மேல் ஏற்றினால் லிட்டருக்கு ஒரு கிலோ வீதம் வண்டிதான் சுமக்க வேண்டும். வண்டி பேட்டரியில் இரவு முழுக்க விளக்கும் விசிறியும் ஓட்டினால் காலையில் வேனைத் தள்ள வேண்டியிருக்கும். சார்ஜ் ஏற்றும் சின்ன விசிறியும் விளக்கும் தனியாக வாங்கிவிடுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம் ஜன்னலுக்குக் கொசுவலை. திரைத்துணிக்குக் கலர் தேர்ந்தெடுப்பதற்கு முன் வலையை அளந்து தைத்துவிடுங்கள்.

ஏனென்றால் ஜன்னலை மூடிப் படுக்கக்கூடாது. புழுக்கம் தாங்காமல் என்ஜினை ஓடவிட்டு ஏர்கோன் போட்டுத் தூங்குவது உயிருக்கு ஆபத்து. என்ஜின் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. பழைய வேனில் புகைக்குழாய் ஓட்டை வழியாக அது உள்ளே வந்தால் தூக்கத்திலிருப்பவருக்குத் தெரியவே தெரியாது. மூச்சு திணறி எழுந்திருப்போம் என்று நினைக்கக்கூடாது. தூக்கம் இன்னும் ஆழமாகும், அவ்வளவுதான். கேஸ் அடுப்பையும் கரியடுப்பையும் மழை பெய்தாலும் உள்ளே கொண்டுவராதீர்கள். மழைக்கு ஒரு தார்ப்பாலின் கட்டி அதனடியில் சமைக்கலாம். அதுவும் முடியாவிட்டால் ரொட்டி இருக்கிறது.

முதல் பயணம் வீட்டு வாசலிலேயே ஆகட்டும். ஒரு சனிக்கிழமை இரவு எல்லோரும் வேனில் படுத்துப் பாருங்கள். எது குறைகிறது, யார் குறட்டை விடுகிறார் என்று தெரிந்துவிடும். அடுத்தது பக்கத்திலேயே: குளுவாங்காரர்களுக்கு குனோங் லம்பாக் அடிவாரம், மூவார்காரர்களுக்குத் தஞ்சோங் எமாஸ். பகலில் போய் வெயில், நிழல், கழிவறை வசதி பார்த்து, இரவு தங்க அனுமதி உண்டா என்று அங்குள்ளவர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். வேனின் மீது நம்பிக்கை வந்த பிறகு மெர்சிங் போகலாம். குளுவாங்கிலிருந்து காஹாங் வழியாகப் போகும் சாலையில் யானை நடமாட்டம் உண்டு, ஆகையால் இருட்டுவதற்குள் கடந்துவிடுவது உத்தமம். நவம்பர் முதல் பிப்ரவரி, மார்ச் வரை கிழக்குக் கரையில் வடகிழக்குப் பருவமழை. அந்த மாதங்களில் விலைக்கு வேன் பார்க்கலாம், கடலுக்குப் போக வேண்டாம். கொட்டும் மழையில் வேன் பார்க்கப் போவதில் ஒரு லாபமும் உண்டு: கூரை எங்கே ஒழுகுகிறது என்று விற்பவரைக் கேட்காமலே தெரிந்துவிடும்.