‘தெஸ்லெயால்’: ஒரு ஸ்பானியப் பெயரடையும் அதன் தமிழாக்கமும்

ஸ்பெயின் நாட்டு வணிக வழக்கொன்றைப் பற்றிய செய்தியின் தமிழாக்கம் முன்பொரு முறை நம் பார்வைக்கு வந்தது. போட்டியாளரின் பண்டத்தைப் போலவே தோன்றும் உறையில் தம் பண்டத்தை விற்ற வணிகர் ஒருவர் அதில் ‘துரோகி’ ஆகியிருந்தார். மூலத்தில் இருந்த பெயரடை ‘தெஸ்லெயால்’. ஆங்கிலத்தின் ‘டிஸ்லாயல்’ வழியாகப் பொருள் தேடியதால் நேர்ந்த பிழை இது. ஒருவரைத் துரோகி எனச் சுட்டுவது சிறிய செயலன்று. ஆதலின் இச்சொல்லைச் சற்று விரிவாகவே நோக்குவோம்.

சட்டத்திற்குரியது எனப் பொருள்படும் ‘லேகாலிஸ்’ என்னும் இலத்தீன் சொல் ஸ்பானியத்தில் இரு வழியாகப் புகுந்தது. மக்கள் நாவில் இடையொலி தேய்ந்து ‘லெயால்’ ஆயிற்று. கற்றோர் எழுத்தில் ‘லெகால்’ என நின்றது. ஒரே வடசொல் தமிழில் இலக்கம் எனவும் இலட்சம் எனவும் இரண்டாகி, பொருளாலும் பிரிந்ததை இதனோடு ஒப்பிடலாம். ‘லெயால்’ என்பதன்முன் ‘தெஸ்’ என்னும் எதிர்மறை ஒட்டுச் சேர, நம் சொல் பிறக்கிறது. தமிழ் ‘அற்ற’, ‘இல்லாத’ எனப் பின்னே சேர்ப்பதை ஸ்பானியம் முன்னே சேர்க்கிறது. எனவே இதன் வேரில் இருப்பது அன்பின் முறிவன்று, கடப்பாட்டின் மீறல்.

அம்மொழியின் பெயரடைகள் பல பால் நோக்கித் திரியும். இச்சொல் திரியாது, தோழனுக்கும் தோழிக்கும் வடிவம் ஒன்றே. பன்மையில் மட்டும் ‘தெஸ்லெயாலெஸ்’ ஆகும்.

இதற்கு அண்டைச் சொல் ‘இன்ஃபியெல்’. அது நம்பிக்கை என்னும் வேரினது. மணவாழ்வில் பிறழ்ந்தவரையும், மூலத்தினின்று விலகிய மொழிபெயர்ப்பையும் அது குறிக்கும். பழைய நூல்களில் வேற்றுச் சமயத்தாரையும் குறித்தது. தமிழ்க் கிறித்தவ வழக்கின் ‘அவிசுவாசி’ இதற்கு மிக நெருங்கியது. ஆகவே ‘விசுவாசமற்ற’ என்னும் தொடரை இச்சொல்லுக்கு ஒதுக்கிவிட்டு, ‘தெஸ்லெயால்’ வருமிடத்தில் வேறு சொல் தேடுவதே தக்கது என்பது நம் கருத்து.

சட்டத்தில்தான் வேறுபாடு தெளிவாகப் புலனாகும். ஸ்பெயினின் 1991ஆம் ஆண்டு வணிகப் போட்டிச் சட்டத்தின் பெயரிலேயே ‘தெஸ்லெயால்’ உள்ளது. நல்லெண்ண நெறிக்குப் புறநிலையில் முரணான நடத்தை எதுவும் அச்சட்டத்தின்படி ‘தெஸ்லெயால்’ ஆகும். வஞ்சிக்கும் உள்நோக்கம் வேண்டுமென்பதில்லை. இரு வணிகரிடையே முன்னுறவும் வேண்டுவதில்லை. துரோகமோ உறவின்றி நிகழாது. உறவே இல்லாதவரிடத்து எவ்வாறு துரோகம் செய்வது? பிறர் சொத்தைப் பேண ஒப்புக்கொண்டவர் தம் அதிகாரத்தை மீறி இழப்பு விளைவிக்கும் குற்றத்திற்கும் இதே பெயரடை அடையாகிறது. அதனை நம் நாளிதழ்கள் நன்கறிந்த ‘நம்பிக்கை மோசடி’ என்பதன் அருகே வைக்கலாம். நாட்டுக்கு எதிரான துரோகத்திற்கு அந்நாட்டுக் குற்றவியல் சட்டத்தில் ‘திராய்சியோன்’ என்னும் தனிச்சொல் உண்டு.

மலாய் ‘டெர்ஹாகா’வும் நம் ‘துரோகம்’ பிறந்த வடமொழி வேரினதே. அரசனுக்கோ பெற்றோருக்கோ எதிராக எழுவதை உணர்த்தும் அச்சொல்லின் கனத்தை இங்குள்ளோர் அறிவர். உறையைப் போலி செய்த வணிகர்மீது அக்கனத்தை ஏற்றலாகாது. நட்பைப் பற்றிய கதையில் ‘தெஸ்லெயால்’ வந்தால் ‘இரண்டகம் செய்த’ என்பது பொருந்தும். அச்செய்தியிலோ ‘நேர்மையற்ற போட்டியில் ஈடுபட்டார்’ என்று எழுதியிருந்தால் போதும்.