ஒயின் பாட்டிலின் விலையில் ஒயினுக்கு எவ்வளவு? குறைந்த செலவில் நல்லதைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

நாட்டின் பல நகரங்களில் மதுக்கடைகளின் பெயர்ப் பலகையில் 'ஒயின் ஷாப்' என்றே எழுதப்பட்டிருக்கும். உள்ளே விஸ்கி, பிராந்தி, ரம், பீர் ஆகியவை அலமாரிகளை நிறைத்திருக்க, ஒயினுக்கு ஒரு மூலை மட்டுமே ஒதுக்கப்பட்டிருக்கும். அந்த மூலையில் சில நூறு ரூபாய்க்கும் பாட்டில் உண்டு. பல ஆயிரம் ரூபாய்க்கும் உண்டு. விலை கூடினால் தரமும் கூடுமா? வெளிநாட்டுப் பெயர் தாங்கிய பாட்டிலுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் எங்கே போகிறது? மாத வருமானத்தில் கணக்குப் பார்த்து வாங்குவோர் கேட்கும் இக்கேள்விகளுக்கான விடையில் பாதி திராட்சைத் தோட்டத்திலும், மறுபாதி வரிச் சட்டத்திலும் இருக்கிறது.

இறக்குமதி செய்யப்படும் ஒயினுக்கு இந்தியா பொதுவாக விதித்து வந்துள்ள சுங்க வரி 150 சதவீதம். துறைமுகத்தில் 400 ரூபாய் மதிப்புடன் வந்திறங்கும் ஒரு பாட்டிலை எடுத்துக்கொள்வோம். சுங்க வரி மட்டும் 600 ரூபாய். ஆக, கிடங்கை விட்டு வெளியே வரும்போதே அதன் அடக்கவிலை 1,000 ரூபாயாகிவிடுகிறது. அதன்பின் மாநில அரசின் வரிகள், இறக்குமதியாளர், மொத்த வியாபாரி, சில்லறைக் கடைக்காரர் ஆகியோரின் லாபம் ஒவ்வொன்றாகச் சேரும். கடையில் 2,000 ரூபாய்க்கு விற்கப்படும் அந்த ஒயின், தான் தயாரான நாட்டில் எளிய குடும்பங்கள் இரவு உணவுடன் அருந்தும் சாதாரண ஒயினாக இருக்கக்கூடும். வாங்குபவரோ உயர்ந்த பொருளொன்றை வாங்கியதாக எண்ணுகிறார். அவர் வாங்கியதில் பெரும்பகுதி வரியே.

வர்த்தக ஒப்பந்தங்கள் இந்நிலையை மாற்றாதா எனக் கேட்கலாம். ஓரளவு மாற்றுகின்றன. ஆனால் யாருக்காக என்பதைக் கவனிக்க வேண்டும். ஆஸ்திரேலியாவுடனான பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வர்த்தக ஒப்பந்தம் 2022 டிசம்பர் 29ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. அதன்படி, இறக்குமதி மதிப்பு பாட்டிலுக்கு 5 டாலருக்கு மேற்பட்ட ஒயின்களுக்கு வரி 150 சதவீதத்திலிருந்து 100 சதவீதமாகக் குறைந்தது; பத்தாண்டுகளில் அது 50 சதவீதமாக இறங்கும். 15 டாலருக்கு மேற்பட்டவற்றுக்கு உடனடியாக 75 சதவீதம். பத்தாண்டுகளில் 25 சதவீதம். ஐந்து டாலருக்குக் குறைந்த ஒயினுக்கு எந்தச் சலுகையும் இல்லை. உள்நாட்டுத் திராட்சை விவசாயிகளையும் ஆலைகளையும் மலிவு இறக்குமதியிலிருந்து காக்கவே இந்த வரம்பு வைக்கப்பட்டது. அதன் நியாயம் புரிந்துகொள்ளக்கூடியதே. எனினும், சலுகை மேல்தட்டு வாடிக்கையாளருக்குக் கிடைக்க, சிக்கனமாக வாங்குபவர் பழைய வரியையே கட்டுகிறார் என்பது குறிப்பிடத்தக்கது.

மாநிலத்துக்கு மாநிலம் ஒரு விலை

உள்நாட்டு ஒயினும் வரிக்கு விலக்கானதன்று. மனித நுகர்வுக்கான மது சரக்கு மற்றும் சேவை வரி வரம்புக்குள் கொண்டுவரப்படவில்லை. அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் மது மாநிலப் பட்டியலில் இடம்பெறுகிறது. எனவே கலால் வரி, விற்பனை வரி, லேபிள் பதிவுக் கட்டணம் ஆகியவற்றை ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே விதிக்கின்றது. ஒரே ஆலையில், ஒரே நாளில் அடைக்கப்பட்ட இரு பாட்டில்கள் இரு மாநிலங்களில் வெவ்வேறு விலைக்கு விற்பதன் காரணம் இதுவே. சிறிய ஆலையொன்று தொலைதூர மாநிலத்தில் ஆண்டுக்குச் சில நூறு பெட்டிகளே விற்குமானால், அந்தப் பதிவுக் கட்டணத்தை அச்சில நூறு பெட்டிகளின் மீதுதான் சுமத்த முடியும். ஆகவே பெரும்பாலான கடைகளில் மூன்று நான்கு பெரிய நிறுவனங்களின் பெயர்கள் மட்டுமே திரும்பத் திரும்பத் தென்படுகின்றன.

ஒயின் தயாரிப்பில் மகாராஷ்டிரம் முன்னணியில் இருப்பதற்கு மண்ணும் காலநிலையும் மட்டும் காரணமல்ல. கடல் மட்டத்திலிருந்து சுமார் 600 மீட்டர் உயரத்திலுள்ள நாசிக் பகுதியில் குளிர்கால இரவுகள் குளிர்ச்சியானவை; உண்ணும் திராட்சை அங்கு ஏற்கெனவே பெருமளவில் விளைந்து வந்தது. ராஜீவ் சாமந்த் நிறுவிய சூலா நிறுவனம் 2000ஆம் ஆண்டில் தனது முதல் ஒயினை வெளியிட்டது. அதற்கடுத்த ஆண்டே மாநில அரசு திராட்சைப் பதப்படுத்தும் தொழிலுக்கென ஒரு கொள்கையை அறிவித்து, மாநிலத்தில் விளையும் திராட்சையிலிருந்து தயாராகும் ஒயினுக்குக் கலால் வரி விலக்கு அளித்தது. பின்னர், செலுத்தும் 20 சதவீத மதிப்புக் கூட்டு வரியில் 16 சதவீதத்தை ஆலைகளுக்குத் திருப்பித் தரும் திட்டமும் வந்தது. இடையில் நின்றிருந்த அத்திட்டம் 2024 ஜனவரியில் மீண்டும் உயிர்பெற்றது. நாசிக் ஒயின் அந்த மாநிலத்தில் கட்டுப்படியாகும் விலையில் கிடைப்பதன் பின்னணி இதுதான்.

பேரங்காடிகளிலும் ஒயின் விற்கலாம் என 2022 ஜனவரியில் மகாராஷ்டிர அமைச்சரவை முடிவெடுத்தபோது, எதிர்க்கட்சியான பாஜகவும் அண்ணா ஹசாரேயும் கடுமையாக எதிர்த்தனர்; அம்முடிவு நடைமுறைக்கு வரவில்லை.

கர்நாடகத்தில் நந்தி மலையை ஒட்டிய பகுதியில் குரோவர் குடும்பத்தினர் 1988 முதல் ஐரோப்பியத் திராட்சை இரகங்களைப் பயிரிட்டு வருகின்றனர். மகாராஷ்டிரத்தின் சோலாப்பூர் மாவட்டம் அக்லூஜில் பிராட்டெல்லி நிறுவனம் இத்தாலிய இரகமான சாஞ்ஜியோவேசேயை வளர்க்கிறது. இம்மாநிலங்களில் வசிப்போருக்கு உள்ளூர் ஆலையின் பாட்டிலே பெரும்பாலும் கொடுத்த பணத்துக்கு அதிகம் தருவது.

எந்த விலையில் நிற்பது?

சூலா நிறுவனம் 2022இல் பங்குச் சந்தைக்கு வந்தபோது வெளியிட்ட ஆவணத்தில் ஒயின்கள் நான்கு விலைப் பிரிவுகளாக வகுக்கப்பட்டிருந்தன: 400 ரூபாய்க்குக் கீழ், 400 முதல் 700 வரை, 700 முதல் 950 வரை, 950க்கு மேல். எண்கள் அதற்குப் பின் சற்று நகர்ந்திருக்கலாம், பிரிவினை பயனுள்ளதே. ஏனெனில் கண்ணாடிப் பாட்டில், மூடி, லேபிள், அட்டைப்பெட்டி, லாரி வாடகை ஆகியவற்றின் செலவு மலிவு ஒயினுக்கும் உயர்ந்த ஒயினுக்கும் ஏறக்குறைய ஒன்றே. மிகக் குறைந்த விலையில் இச்செலவுகள் போக, திராட்சைக்கென மிஞ்சுவது சொற்பம். எனவே அடித்தட்டிலிருந்து ஒரு படி மேலேறும்போது கூடுதலாகக் கொடுக்கும் பணத்தின் பெரும்பங்கு பாட்டிலுக்குள் இருப்பதற்கே செல்கிறது. மேல் படிகளில் அப்படியல்ல. அங்கு இறக்குமதியான ஓக் பீப்பாய்க்கும், பல மாதக் காத்திருப்புக்கும், பெயருக்கும் விலை கொடுக்கிறோம். அன்றாட உணவுடன் அருந்த நினைப்பவருக்கு இரண்டாவது படியும் மூன்றாவதின் தொடக்கமும் போதுமானவை.

அடிப்படிப் பிரிவில் 'போர்ட்' என்ற பெயருடன் வரும் இனிப்பான சிவப்பு ஒயின்கள் அதிகம். போர்ட் என்பது உண்மையில் போர்ச்சுகலின் டூரோ பள்ளத்தாக்கில் தயாராகும் ஒயினைக் குறிக்கும் பெயர். இங்கு அப்பெயரில் விற்கப்படுபவை பெரும்பாலும் உள்ளூர்த் திராட்சையில் இனிப்புச் சேர்த்துச் செய்யப்படுபவை. இனிப்பை விரும்புவோர் வாங்குவதில் தவறில்லை. இதுதான் ஒயினின் சுவை என எண்ணி முடிவுக்கு வந்துவிடக்கூடாது என்பதே எச்சரிக்கை.

குறைந்த விலையில் வெள்ளை ஒயினே சிவப்பைவிட நம்பகமானது. வெள்ளைக்குப் பீப்பாயும் நீண்டகால முதிர்ச்சியும் தேவையில்லை. குளிரூட்டப்பட்ட எஃகுத் தொட்டிகளில் நொதித்து, சில மாதங்களில் பாட்டிலுக்கு வந்துவிடும். இந்திய ஆலைகள் நன்றாகச் செய்யும் ஷெனின் பிளாங், சோவின்யோன் பிளாங் இரண்டும் இவ்வகை. இளஞ்சிவப்பு நிற ரோசேயும் அப்படியே. சிவப்பில் ஷிராஸ் பெரும்பாலும் ஏமாற்றாது.

லேபிளில் முதலில் பார்க்க வேண்டியது அறுவடை ஆண்டு. ஐரோப்பாவில் திராட்சை செப்டம்பர், அக்டோபரில் அறுவடையாகிறது. மகாராஷ்டிரத்தில் செப்டம்பர், அக்டோபரில் கொடிகளைக் கவாத்து செய்து, ஜனவரி முதல் மார்ச் வரை அறுவடை செய்கின்றனர். ஆகவே இந்திய பாட்டிலில் உள்ள ஆண்டு, அந்த ஆண்டின் தொடக்கத்தைக் குறிக்கும். அதே எண் கொண்ட ஐரோப்பிய ஒயினைவிட அது அரையாண்டுக்கு மேல் மூத்தது. மலிவான வெள்ளை ஒயின் வைத்திருந்தால் மேம்படுவதில்லை. நடப்பு ஆண்டு அல்லது அதற்கு முந்தைய ஆண்டின் பாட்டிலையே கேட்டு வாங்கவேண்டும். 'பழைய ஒயின் நல்ல ஒயின்' என்பது இவ்விலையில் பொருந்தாது.

அடுத்தது கடை. கோடையில் 40 பாகை செல்சியஸ் தொடும் ஊரில், வெயில் படும் கண்ணாடி அலமாரியில் மாதக்கணக்கில் நிற்கும் ஒயின் எவ்வளவு விலையுயர்ந்ததாயினும் வெந்த பழச்சுவைக்கு மாறிவிடும். வேகமாக விற்கும், குளிர்சாதன வசதியுள்ள கடை சிறந்தது. தக்கைக்குப் பதில் திருகு மூடி இருந்தால் அதைத் தரக்குறைவாக எண்ண வேண்டியதில்லை. இளமையிலேயே அருந்தப்படும் ஒயினுக்கு அதுவே பாதுகாப்பானது.

காரமும் குளிர்ச்சியும்

துவர்ப்பு மிகுந்த சிவப்பு ஒயின் மிளகாய்க் காரத்தை மேலும் கூர்மையாக்கும். ஆல்கஹால் அளவு அதிகமானால் எரிச்சலும் கூடும். இலேசான இனிப்புள்ள ஷெனின் பிளாங் காரமான குழம்புக்கும் வறுவலுக்கும் இணங்கிப் போகும். சிவப்பை 'அறை வெப்பநிலையில்' பரிமாறவேண்டும் என்ற அறிவுரை குளிர்நாடுகளில் பிறந்தது. நம் அறையின் 32 பாகை அதற்குரியதன்று. அருந்துவதற்கு அரை மணி நேரம் முன்பு குளிர்பதனப் பெட்டியில் வைத்தால், 500 ரூபாய் ஷிராஸ் தன் விலையை மறக்கச் செய்யும்.

ஒரு பாட்டிலின் அளவு 750 மில்லி. 150 மில்லி வீதம் ஐந்து கோப்பைகள். திறந்தபின் இறுக மூடிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் மூன்று நாட்கள் வரை சுவை பெரிதும் கெடாது. தனியாக வசிப்போர் 375 மில்லி அரை பாட்டிலையோ, சில நிறுவனங்கள் விற்கும் அலுமினியக் கேன்களையோ பார்க்கலாம். மில்லி கணக்கில் அவை சற்று விலை கூடியவை. வீணாக ஊற்றும் ஒயினை நினைத்தால் அவையே சிக்கனம்.

ஒயின் மென்மையானது, உடலுக்கு நல்லது என்ற எண்ணம் நகர்ப்புறங்களில் பரவலாக உள்ளது. 13 சதவீத ஆல்கஹால் கொண்ட ஒரு முழு பாட்டில், 5 சதவீத ஆல்கஹால் கொண்ட மூன்று பெரிய பீர் பாட்டில்களுக்குச் சமம். ஆல்கஹாலின் எந்த அளவும் உடல்நலத்துக்குப் பாதுகாப்பானதன்று என உலக சுகாதார அமைப்பு 2023 ஜனவரியில் தெளிவுபடுத்தியது. 'அன்றாட ஒயின்' என்பது விலையைக் குறிக்கும் சொல்லே. நாள்தோறும் அருந்தவேண்டும் என்பதன்று. மது உடல்நலத்துக்குக் கேடு என்ற எச்சரிக்கை ஒவ்வொரு லேபிளிலும் கட்டாயம்.

விலை குறைந்த மாநிலத்தில் வாங்கி, வேறு மாநிலத்துக்கு எடுத்துச் செல்ல நினைப்போர் ஊர் திரும்பும் மாநிலத்தின் கலால் விதிகளை முன்கூட்டியே அறிந்துகொள்ள வேண்டும். விமானப் பயண விதிகள் அனுமதித்தாலும் மாநிலச் சட்டமே இறுதியானது. குஜராத், பீகார் போன்ற மாநிலங்களில் மதுவிலக்கு அமலில் உள்ளது. சட்டப்படியான வயது வரம்பும் வேறுபடும்: கோவாவில் 18, கேரளத்தில் 23, தில்லியில் 25. மகாராஷ்டிரத்தில் ஒயினுக்கும் பீருக்கும் 21. மற்ற மதுவகைகளுக்கு 25.